ஹிஸ்தேமி: நில்லா, நிறுத்தா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில், லூக்கா 17:12இல் பத்து தொழுநோயாளிகள் தூரத்தில் 'எஸ்தேஸன்', அதாவது நின்றார்கள். அப்போஸ்தலர் 6:6இல் ஏழு பேரை அப்போஸ்தலருக்கு முன்பாக 'எஸ்தேஸன்', அதாவது நிறுத்தினார்கள். கிரேக்கத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அகராதியைத் திறந்தால் ஹிஸ்தேமி என்ற ஒரே வினைக்குக் கீழே நில், நிறுத்து, நாட்டு, ஏற்படுத்து, நிறு என்று எல்லாமே கொட்டிக்கிடக்கிறது. இது என்ன கூத்து, இதை எப்படிப் பிரித்துப் படிப்பது?

முதலில் அந்த இரண்டு எஸ்தேஸனையும் முடித்துவிடலாம். அவை ஒரே வடிவம் இல்லை, ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு வடிவங்கள். நம் இலக்கணத்தில் பொதுமொழி என்று ஒன்று உண்டே, 'எட்டு' என்றால் எண்ணாகவும் நிற்கும், எள் + து என்று பிரிந்து எள்ளை உண் என்றும் நிற்கும், அந்தக் கதைதான். 'நின்றார்கள்' என்ற எஸ்தேஸன் எ + ஸ்தே + ஸன் என்று பிரியும். ஸன் என்பது 'அவர்கள்' விகுதி. 'நிறுத்தினார்கள்' என்ற எஸ்தேஸன் எ + ஸ்தே + ஸ் + அன்; இதில் ஸ் காலம் காட்டுவது, அன் மட்டும்தான் விகுதி. படர்க்கைப் பன்மையில் மட்டும்தான் இந்த மோதல். ஒருமைக்கு வந்தால் சிக்கலே இல்லை: எஸ்தே என்றால் நின்றான், எஸ்தேஸெ என்றால் நிறுத்தினான். இலியட், ஒடிஸி பாடிய ஹோமரில் 'நின்றார்கள்' என்பதற்கு எஸ்தன் என்ற குட்டை வடிவமும் வருவதால் அங்கே பல இடங்களில் இந்தத் தொல்லை இல்லை.

அப்படியானால் பன்மையில் எப்படிக் கண்டுபிடிப்பது? செயப்படுபொருளைத் தேடுங்கள். லூக்காவில் எஸ்தேஸனுக்கு முன்னால் இருப்பது ஹொய், 'எவர்கள்', எழுவாய் வேற்றுமை. அப்போஸ்தலரில் இருப்பது ஹூஸ், 'எவர்களை', இரண்டாம் வேற்றுமை. 'ஐ' உருபு ஏறிய சொல் ஒன்று அந்த வினையைச் சார்ந்து இருந்தால் நிறுத்து, இல்லாவிட்டால் நில். (இரண்டு நூலையும் எழுதியவர் ஒருவரே என்பதுதான் பொதுவான கருத்து, அவர் இதைப் பற்றித் துளிகூடக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.)

சரி, இனி முழுப் படம். தமிழில் நமக்கு நில் வேறு, நிறுத்து வேறு. ஏறு–ஏற்று, திரும்பு–திருப்பு, எழு–எழுப்பு மாதிரி தன்வினைக்கும் பிறவினைக்கும் அடியிலேயே வித்தியாசம் காட்டிவிடுகிறோம். கிரேக்கத்தில் இந்த வினைக்கு அடி ஒன்றுதான்: ஸ்தா, அட்டிக் என்ற ஏதென்ஸ் வட்டார வழக்கில் ஸ்தே. நில்லா நிறுத்தா என்பதை அடி சொல்லாது, எந்தக் காலத்து வடிவம் என்பதுதான் சொல்லும். கிரேக்கம் படிக்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு இது பெரிய தலைவலி, ஏனென்றால் அவர்கள் மொழியிலேயே இந்தப் பிரிவு பாதி மங்கிப்போயிருக்கிறது. நமக்கு அப்படி இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒவ்வொரு வடிவத்தையும் பார்த்தவுடன் 'இது நில்லா, நிறுத்தா' என்று தமிழில் கேட்டுக்கொண்டாலே முக்கால் வேலை முடிந்தது.

நிறுத்து பக்கம் இருப்பவை: நிகழ்காலச் செய்வினை ஹிஸ்தேமி (நிறுத்துகிறேன்), அதன் தொடர் இறந்தகாலம் ஹிஸ்தேன், எதிர்காலம் ஸ்தேஸோ, முதல் ஏயோரிஸ்ட் எஸ்தேஸ (நிறுத்தினேன்). ஏயோரிஸ்ட் என்பது 'நடந்தது, அவ்வளவுதான்' என்று சொல்லும் இறந்தகாலம் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நில் பக்கம் இருப்பவை: இரண்டாம் ஏயோரிஸ்ட் எஸ்தேன் (நின்றேன்), முடிந்த செயலின் விளைவைச் சொல்லும் பெர்ஃபெக்ட் ஹெஸ்தேக்க (நிற்கிறேன்), அதன் இறந்தகாலம் ஹெய்ஸ்தேக்கெய்ன் (நின்றுகொண்டிருந்தேன்), அபூர்வமாக வரும் ஹெஸ்தேக்ஸோ (நின்றுகொண்டிருப்பேன்). ஹிஸ்தமை என்ற நடுவினையும் பெரும்பாலும் நில் பக்கம்தான், அதற்குத் தனியாக வருகிறேன். ஏவலில் இந்தப் பிரிவு பளிச்சென்று தெரியும்: ஸ்தேதி என்றால் நில், ஸ்தேஸொன் என்றால் நிறுத்து. அப்போஸ்தலர் 26:16இல் பவுலிடம் 'எழுந்து காலூன்றி நில்' என்று சொல்லப்படும் இடத்தில் வருவது முதல் வடிவம்.

ஹிஸ்தேமியில் அந்த ஹி எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பதுண்டு. அது இரட்டிப்பு. அடியின் முதல் மெய்யை எடுத்து இகரம் சேர்த்து முன்னால் ஒட்டுவது: ஸி-ஸ்தா-மி. கிரேக்கத்தில் சொல்லின் தொடக்கத்தில் உயிருக்கு முன் நின்ற பழைய ஸகரம் ஹகரமாகத் தேய்ந்துவிட்டது, அதனால் ஹிஸ்தேமி. இலத்தீனில் தேயாமல் சிஸ்டோ என்று இருக்கிறது. சமஸ்கிருதத்தில் அதே இரட்டிப்பு திஷ்டதி என்று வருகிறது, ஆனால் அங்கே பொருள் 'நிற்கிறான்'. நிறுத்துவதற்கு ஸ்தாபயதி என்று வேறு வடிவம் செய்துகொண்டார்கள். அந்தக் குடும்பத்து வாரிசுகள் நம் வீட்டிலும் நிறைய: ஸ்தாபனம், ஸ்தானம், அவஸ்தை, வியவஸ்தை எல்லாம் அதே அடி. பாரசீகம் வழியாக வந்த பாகிஸ்தானின் ஸ்தானும், இலத்தீன் வழியாக வந்த ஸ்டேஷனும் அப்படியே. ஹிஸ்டரியையும் இதோடு சேர்க்க ஆசை வரும், சேர்க்காதீர்கள். அது 'பார், அறி' என்ற வேறு அடியில் பிறந்தது, நம் வேதத்துக்கும் வித்தைக்கும் அதுதான் சொந்தம்.

இரண்டு ஏயோரிஸ்ட் ஏன் என்பதற்கு வரலாற்றில் பதில் இருக்கிறது. எஸ்தேன் தான் பழையது. அடியோடு நேராக விகுதி ஒட்டிய வடிவம். சமஸ்கிருதத்து அஸ்தாத், கிரேக்கத்து எஸ்தே இரண்டும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாக இருக்கும், இரண்டுக்கும் 'நின்றான்' என்றே பொருள். ஸகரம் நுழைந்த எஸ்தேஸ அதற்குப் பக்கத்தில் வந்து பிறவினை வேலையை எடுத்துக்கொண்டது. இது இந்த ஒரு வினையின் கிறுக்குத்தனம் என்று நினைக்க வேண்டாம். எஃபூன் என்றால் பிறந்தேன், முளைத்தேன். எஃபூஸ என்றால் பெற்றேன், முளைக்கச் செய்தேன். கவிதையில் எபேன் என்றால் போனேன், எபேஸ என்றால் போகவைத்தேன். ஒரு வினையில் பிடித்துக்கொண்டால் மற்றவை தானே வரும்.

எஸ்தேன் என்பதை 'நின்றேன்' என்று மட்டும் மொழிபெயர்த்துவிட்டால் ஒரு சுவை போய்விடும். அது நிலை அல்லாமல் நிலைக்கு வந்த கணத்தைச் சொல்வது. இலியட் முதல் காண்டம் 197ஆம் அடியில் அக்கிலெஸ் கோபத்தில் வாளை உருவப்போகும்போது அதேனா தெய்வம் பின்னாலிருந்து வருகிறாள்: ஸ்தே தொபித்ஹென். எ என்ற இறந்தகால முன்னொட்டுகூட இல்லாத வெறும் ஸ்தே. தமிழில் இதற்குச் சரியான சொல் 'பின்னால் வந்து நின்றாள்'. அடுத்த நொடி அவன் முடியைப் பிடிக்கிறாள். 'பின்னால் நின்றுகொண்டிருந்தாள்' என்று எழுதினால் காட்சியே செத்துவிடும். அதே காண்டத்தின் ஆறாவது அடியில் அக்கிலெஸும் அகமெம்னோனும் சண்டையிட்டு தியஸ்தேதேன், 'இருவரும் விலகி நின்றார்கள்'. இதுவும் இரண்டாம் ஏயோரிஸ்ட்தான், ஆனால் இருமை வடிவம். ஒருமையும் பன்மையும் போக இரண்டு பேருக்கென்றே தனி விகுதி. அந்தப் பெருங்காவியம் முழுக்க ஓடுகிற பிளவை ஆறாம் அடியிலேயே ஒரு வினைமுற்றில் வைத்துவிட்டார் கவிஞர்.

பெர்ஃபெக்டுக்கு வருவோம், இங்கேதான் தமிழ் தெரிந்தவனுக்கு அதிர்ஷ்டம். ஹெஸ்தேக்க என்பதைப் பாடப்புத்தகங்கள் 'வடிவத்தில் பெர்ஃபெக்ட், பொருளில் நிகழ்காலம்' என்று ஏதோ விதிவிலக்கு மாதிரிச் சொல்லும். 'உட்கார்ந்திருக்கிறான்' என்று நாம் சொல்லும்போது என்ன செய்கிறோம்? உட்காருகிற செயல் முடிந்துவிட்டது, அதன் விளைவு இப்போது கண்முன்னே இருக்கிறது. வினையெச்சம் + இரு. கிரேக்க பெர்ஃபெக்ட் அடிப்படையில் இந்த 'இரு' தான். ஹெஸ்தேக்க என்றால் நின்றாகிவிட்டது, இப்போது அந்த நிலையில் இருக்கிறேன். வெளிப்படுத்தல் 3:20இல் 'இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்' என்று வருகிறதே, அந்த 'நின்று' கிரேக்கத்தில் ஹெஸ்தேக்க. வந்தாயிற்று, நின்றாயிற்று, இன்னும் நகரவில்லை. தட்டுவது மட்டும் நிகழ்காலத்தில் தொடர்கிறது. இதன் எச்ச வடிவம் ஹெஸ்தோஸ், 'நின்றிருக்கிற'. பன்மையில் ஹெஸ்தாஸி என்ற ககரமில்லாத பழைய வடிவமும் ஹெஸ்தேக்கஸி என்ற புதிய வடிவமும் பக்கத்துப் பக்கத்தில் புழங்கின.

ஒரு சின்ன எச்சரிக்கை. எ-வையும் ஹெ-வையும் குழப்பக் கூடாது. எஸ்தேஸவில் இருக்கும் எ இறந்தகாலத்தின் அடையாளம். ஹெஸ்தேக்கவில் இருக்கும் ஹெ, ஸெ என்ற பழைய இரட்டிப்பு தேய்ந்தது. கிரேக்க எழுத்தில் இந்த வித்தியாசம் உயிரெழுத்தின் தலைமேல் போடும் ஒரு குட்டிக் கொக்கி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதில் மட்டும்தான் இருக்கிறது. படிக்க ஆரம்பித்த காலத்தில் நான் அந்தக் கொக்கியை ஏதோ அலங்காரம் என்று நினைத்துப் பல மாதம் கண்டுகொள்ளாமல் ஓட்டினேன், ஒரு தேர்வில் மொத்தமாக வட்டியோடு கட்டினேன்.

நடுவினைக்குத் தமிழில் 'கொள்'. எழுதினான்–எழுதிக்கொண்டான், வாங்கினான்–வாங்கிக்கொண்டான் என்பதில் செயலின் பயன் செய்தவனிடமே திரும்பி வருகிறதல்லவா, அதே வேலையைக் கிரேக்கம் விகுதியை மாற்றிச் செய்கிறது. ஹிஸ்தமை என்றால் என்னை நானே நிறுத்திக்கொள்கிறேன், ஆகவே நிற்கிறேன். செயப்படுபொருள் வந்தால் 'எனக்காக நாட்டிக்கொள்கிறேன்'. ஒடிஸி இரண்டாம் காண்டத்தில் பெனெலோபெ தன்னை மணக்கக் காத்திருக்கும் கூட்டத்தை ஏய்க்கத் தறி நாட்டிக்கொள்கிறாள்: ஸ்தேஸமெனே மெகன் ஹிஸ்தொன், 'பெரிய தறியொன்றை நாட்டிக்கொண்டு'. பகலில் நெய்து இரவில் பிரிப்பாளே, அந்தத் தறி. இலியட் முதல் காண்டம் 480ஆம் அடியில் மாலுமிகள் ஹிஸ்தொன் ஸ்தேஸந்த், 'பாய்மரத்தை நாட்டிக்கொண்டார்கள்'. ஒரே சொல், ஹிஸ்தொஸ், ஓரிடத்தில் தறி, இன்னோரிடத்தில் பாய்மரம். குழம்ப வேண்டாம், கிரேக்கத் தறி செங்குத்தாக நிற்பது. இரண்டுமே 'நாட்டி நிறுத்தியது'. சொல்லே இந்த வினையில் பிறந்ததுதான். தறியிலிருந்து நெய்த துணிக்கும், பிற்காலத்தில் மருத்துவர்கள் கையில் உடல் திசுவுக்கும் பெயர் போனது. அதனால்தான் திசுவியலுக்கு ஹிஸ்டாலஜி என்று பெயர், ஹிஸ்டமினிலும் அதே ஹிஸ்ட் தான். தும்மலுக்கு நீங்கள் போடும் ஆன்டிஹிஸ்டமின் மாத்திரையில் பெனெலோபெயின் தறி நின்றுகொண்டிருக்கிறது.

இதே நடுவினைக்கு இன்னொரு அழகான பயன்பாடு, ஏதென்ஸ் நாட்காட்டியில். மாதத்தின் முதல் பத்து நாளுக்கு ஹிஸ்தமெனொஸ், 'எழுந்து நிற்கும் மாதம்' என்று பெயர். கடைசிப் பகுதிக்கு 'தேயும் மாதம்'. நம் வளர்பிறை தேய்பிறை மாதிரிதான், ஆனால் அவர்கள் மூன்றாக வெட்டினார்கள்.

செயப்பாட்டு வடிவம் எஸ்தத்ஹேன், 'நிறுத்தப்பட்டேன்'. ஆனால் பிற்காலக் கிரேக்கத்தில் இது பெரும்பாலும் சும்மா 'நின்றேன்' தான். லூக்கா 18இல் பரிசேயன் ஸ்தத்ஹெய்ஸ், ஆயக்காரன் ஹெஸ்தோஸ். தமிழ் வேதாகமம் இரண்டையுமே 'நின்று' என்று முடித்துவிடுகிறது. முதலாவது போய் நின்றதையும் இரண்டாவது நின்ற நிலையையும் சொல்கிறது என்கிற அளவுக்கு வித்தியாசம் உண்மைதான். பரிசேயனை அவன் அகங்காரமே நிறுத்திவைத்தது, பார், செயப்பாட்டு வினை என்று பிரசங்கத்தில் நீட்டுவது என்னைக் கேட்டால் அதிகப்பிரசங்கம். அப்போஸ்தலர் 2:14இல் பேதுரு எழுந்து பேசும்போதும் இதே ஸ்தத்ஹெய்ஸ் வருகிறது, அவரை யாரும் பிடித்து நிறுத்தவில்லை.

கூட்டு வினைகள்தான் உண்மையான காடு. முன்னொட்டு சேரும்போது ஒலியிலேயே ஒரு துப்பு கிடைக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. அபொ (இலிருந்து, விலகி) + ஹிஸ்தேமி சேர்ந்தால் ஹகரம் முன்னால் இருக்கும் பகரத்தில் ஏறி அப்ஹிஸ்தேமி. பெர்ஃபெக்டிலும் ஹெ இருப்பதால் அப்ஹெஸ்தேக்க. ஏயோரிஸ்டில் ஹகரம் இல்லை, வெறும் எ, அதனால் அபெஸ்தேன், அபெஸ்தேஸ. ஆக, பகரத்தில் மூச்சு இருக்கிறதா என்று பார்த்தாலே ஏயோரிஸ்டா பெர்ஃபெக்டா என்று சொல்லிவிடலாம். பொருளில் பழைய நில்–நிறுத்து கணக்கு அப்படியே: அபெஸ்தேஸ என்றால் பிரித்தேன், கலகத்துக்குத் தூண்டினேன்; அபெஸ்தேன் என்றால் விலகி நின்றேன், கலகம் செய்தேன். கி.மு. 428இல் மித்திலேனே நகரம் ஏதென்ஸுக்கு எதிராகக் கிளம்பியது போன்ற செய்திகளைச் சொல்லத் துசிதிதெஸ் போன்ற வரலாற்றாசிரியர்களுக்கு இந்த வினை இல்லாமல் ஒரு பக்கம் நகராது.

கத்ஹிஸ்தேமி என்றால் ஏற்படுத்து, பதவியில் அமர்த்து. கதெஸ்தே என்றால் ஒரு நிலைக்கு வந்தது. 'கடைசியில் அது சண்டையில் வந்து நின்றது' என்கிறோமே, அந்த 'வந்து நின்றது' தான் கதெஸ்தே. எக்ஸிஸ்தேமி, வெளியே நிறுத்து. எக்ஸெஸ்தே என்றால் தன்னிலையிலிருந்து வெளியே போய்விட்டான், புத்தி பேதலித்தது. மாற்கு 3:21இல் இயேசுவைப் பற்றி அவர் வீட்டார் சொல்வது இந்தச் சொல்தான், எக்ஸ்டஸி பிறந்ததும் இங்கேதான். சினிஸ்தேமி, சேர்த்து நிறுத்து, அதிலிருந்து சிஸ்டம். மெத்ஹிஸ்தேமி, இடம் மாற்று. அதிலிருந்து புற்றுநோய் மருத்துவர்கள் சொல்லும் மெட்டாஸ்டாஸிஸ். எபிஸ்தமை, 'எனக்குச் செய்யத் தெரியும்', இந்தக் குடும்பம்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

அனிஸ்தேமி தான் இவற்றில் பெரும் புகழ் பெற்றது. அன என்றால் மேலே. அனெஸ்தேஸென் என்றால் எழுப்பினார், அனெஸ்தே என்றால் எழுந்தார். அப்போஸ்தலர் 2:32இல் எழுவாய் தேவன், அதனால் அனெஸ்தேஸென், தமிழிலும் 'எழுப்பினார்'. ஈஸ்டர் அன்று கிரேக்கர்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் வாழ்த்தில் எழுவாய் கிறிஸ்து, அதனால் கிறிஸ்தொஸ் அனெஸ்தே, 'கிறிஸ்து எழுந்தார்'. இன்றைய உச்சரிப்பில் அனெஸ்டி. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய இரண்டாம் ஏயோரிஸ்ட் ஒன்றை, இலக்கணம் என்றே தெரியாமல், ஒரு நாடே ஆண்டுதோறும் வாயாரச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பேச்சுமொழி இந்தப் பழைய சிக்கலை எப்படித் தீர்த்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹெஸ்தேக்க பொருளில் நிகழ்காலம் மாதிரியே இருந்ததால் அதிலிருந்து ஸ்தேக்கோ என்று ஒரு புதிய நிகழ்கால வினையையே செய்துகொண்டார்கள். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் 'விசுவாசத்திலே நிலைத்திருங்கள்' என்று சொல்வது இந்தப் புதிய வினையில்தான். இன்றைய கிரேக்கத்தில் நிற்பதற்கு ஸ்டேகொமே, நாட்டுவதற்கு ஸ்டினோ. கடைசியில் அவர்களும் தமிழ் மாதிரி இரண்டு வினையாகப் பிரித்துக்கொண்டார்கள். பெயர்ச்சொல் ஸ்தஸிஸ் கதை இன்னும் வேடிக்கை. பழைய காலத்தில் அது நிற்றல், நிலைப்பாடு, அப்புறம் கட்சி கட்டி நிற்றல், அப்புறம் உள்நாட்டுச் சண்டை, கி.மு. 427இல் கொர்சிரா தீவில் நடந்த ரத்தக்களரியைத் துசிதிதெஸ் வருணிக்கும் சொல் அதுதான். இன்று ஏதென்ஸ் தெருவில் ஸ்டாஸி என்ற பலகையைப் பார்த்தால் பயப்பட வேண்டாம், பஸ் ஸ்டாப்.

விட்டுப்போன ஒன்று, அகராதியில் நீங்கள் பார்த்த 'நிறு'. தராசில் நிறுப்பதற்கும் ஹிஸ்தேமி தான், தட்டில் வைத்து முள்ளை நிற்கவைக்கிறோம் இல்லையா. மத்தேயு 26:15இல் யூதாசுக்கு முப்பது வெள்ளிக்காசை எஸ்தேஸன், இது மூன்றாவது எஸ்தேஸன். சகரியா 11:12இன் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் அதே முப்பது வெள்ளிக்கு அதே சொல். தமிழ் வேதாகமம் சகரியாவில் 'நிறுத்தார்கள்' என்று எழுதுகிறது, 'நிறுத்தினார்கள்' அல்ல. நில்லிலிருந்து கிளம்பி நாட்டுவதற்கும் எடைபோடுவதற்கும் போன தமிழ் நிறு, எந்தத் தொடர்பும் இல்லாமல் கிரேக்க வினை போன அதே வழியில் போயிருக்கிறது. மளிகைக் கடையில் 'நிறுத்து' என்ற சொல் காதில் விழுந்தால், எடைபோட்டு என்கிறார்களா, கையை நிறுத்தச் சொல்கிறார்களா என்பது அடுத்த சொல் வரும்வரை உங்களுக்கும் தெரியாது.